பாக்கி நாலு ஆட்டம்

வடாம் போடுகிற மாதம் வந்தால் எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் கூடவே ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியில் நான் ஜவ்வரிசிக் கூழைக் கரண்டி கரண்டியாகத் துணியில் ஊற்றிக்கொண்டிருப்பேன். கீழே திண்ணையில் இவர், மாதக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். சுற்றிலும் என் பேரனும் தெருப் பையன்கள் மூன்று பேரும்.

"தாத்தா, கோவாவிலே போய் ஆடுற ஆட்டத்தை விட்டுடுங்க. அதுலே பூஜ்யம்னே வெச்சுக்கலாம்."

"அப்ப மத்த மூணும் ஜெயிச்சா எவ்வளவு?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு போதுமாடா?"

அவ்வளவுதான். அதற்குமேல் கரண்ட் போனால்கூட யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதினவர் இவர். பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் ராத்திரி தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவரிடம் கால்பந்துப் பட்டியலைக் கொடுத்தால் சும்மா விடுவாரா?

கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். கால்பந்துதான். ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் நம் பக்கத்து அணி சென்னையின் எஃப்.சி. நான் சொல்வது 2024-ம் வருஷத்து மார்ச், ஏப்ரல் மாதக் கதை. அந்த சீசனில் மொத்தம் 12 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பதினொரு அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு தடவை, அவர்கள் ஊருக்குப் போய் ஒரு தடவை, ஆக 22 ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று. முடிவில் முதல் ஆறு இடத்துக்குள் இருந்தால்தான் 'பிளே-ஆஃப்' என்கிற அடுத்த கட்டம். ஏழாவது அணி மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு முந்தின மூன்று சீசனிலும் நம் அணி எட்டாவது இடம். எட்டு, எட்டு, எட்டு! ராசியான நம்பர் என்று யாராவது சொன்னால் பையன்கள் அடிக்க வருவார்கள்.

மார்ச் மாதத்தில் ஹைதராபாத் அணியிடம் நாம் தோற்றோம். அந்த சீசன் முழுக்க ஹைதராபாத் ஜெயித்ததே ஒரே ஓர் ஆட்டம்தான். அந்த ஒன்று நம்மை! எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் இதன் வலி உங்களுக்குப் புரியும். திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இன்றைக்கும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு. எங்கள் அடுத்த வீட்டு அம்மா என்னை "வதினா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் பேரன் எங்கள் திண்ணைக் கோஷ்டியில் ஒருத்தன். ஆனால் அவன் கட்சி ஹைதராபாத். "வருஷம் பூரா தோத்தாலும் பரவாயில்லை பெரிம்மா, உங்களை ஜெயிச்சுட்டோம், அது போதும்" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டு, இரண்டு வடாம் மாவு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு போனான்.

அன்றைக்கு ராத்திரி இவர் போட்ட கணக்கு இது: ஆடினது பதினெட்டு ஆட்டம், புள்ளி பதினெட்டு, பாக்கி நாலு ஆட்டம். கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானோடு ஒன்று. சென்னையில் ஜாம்ஷெட்பூர், நார்த் ஈஸ்ட் என்று இரண்டு. கடைசியாக கோவாவுக்குப் போய் ஒன்று. மோகன் பகானும் கோவாவும் பட்டியலில் உச்சாணிக் கொம்பில் இருந்தவர்கள்.

"முடிஞ்சது தாத்தா" என்றான் பேரன்.

"2015-லேயும் பாக்கி நாலுதாண்டா இருந்தது" என்றார் இவர்.

இது அவருடைய பிரம்மாஸ்திரம். வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்டு எனக்கே மனப்பாடம். அந்த வருஷம் எட்டு அணிகள்; ஆளுக்குப் பதினாலு ஆட்டம். பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னை பத்துப் புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்தது. பாக்கி நாலையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கோவா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நிற்கிறது. கடைசி நிமிஷங்களில் கோவா கோல்கீப்பர் மேல் பட்டு ஒரு பந்து உள்ளே போய்விட்டது. உடனே மெண்டோசா இன்னொன்று அடித்தார். மூன்றுக்கு இரண்டு. கோப்பை சென்னைக்கு.

வெள்ளத்தில் வீடு வாசலை இழந்து ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த மாதம் அது. அந்த நேரத்தில் ஒரு பந்தாட்டத்துக்காக இவர் கண் கலங்கினதைப் பார்த்து அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது வருவதில்லை. அது கிடக்கட்டும்.

முக்கியமான விஷயம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. இத்தனை கணக்குப் போடுகிற மனுஷர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது!

2022-ல் இவருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் கத்தாரில் உலகக் கோப்பை. "டாக்டரம்மா, மேட்ச் பார்க்கலாமா?" என்று இவரே அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் ஒரு கதை சொன்னார்கள். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்ததல்லவா? அப்போது மியூனிக் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மாரடைப்பு, படபடப்பு என்று அவசர சிகிச்சைக்கு ஆளானவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஜெர்மனி ஆடின நாட்களில் மற்ற நாட்களைவிட அது 2.66 மடங்கு. ஆண்களுக்கு மூன்றேகால் மடங்கு. ஆட்டம் தொடங்கின முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 2008-ல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் இது வெளிவந்திருக்கிறது. "ஆட்டமே பார்க்காதீங்கன்னு சொல்லலை. ஆனா மாத்திரையை நேரத்துக்குப் போடணும், பட்டினியா உட்காரக் கூடாது, நெஞ்சு பாரமா இருந்தா அடுத்த கோல் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பி வரணும்" என்றார்கள்.

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். சட்டம் போட்டது நான். "உங்க டீம் ஆடுறதை நீங்க பார்க்கக் கூடாது. கணக்கு வேணும்னா போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். மூன்றேகால் என்ற நம்பர் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. டாக்டர் இன்னொரு நம்பரும் சொன்னார்கள். அதை நான் காதிலே வாங்கவில்லை.

ஆக, ஆட்ட நாளில் எங்கள் வீட்டுக் காட்சி எப்படி என்றால், உள்ளே கூடத்தில் பையன்கள் டிவி முன்னால். வெளியே திண்ணையில் இவர், தாளும் பென்சிலுமாக. உள்ளேயிருந்து "ஐயோ" என்று சத்தம் வந்தால் பென்சில் நிற்கும். "யாருடா?" என்பார். பதில் வந்தபிறகு எழுதுவார். தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசலில் நின்று செருப்புக் காவல் காக்கிற மாதிரி இருக்கும். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் அசையவில்லை.

மார்ச் 31. கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஆட்டம். முதலில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு நம்மவர்கள் இரண்டு போட்டு முந்தினார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் மோகன் பகானுக்குப் பெனால்ட்டி, சமன். "போச்சு, ஒரு பாயிண்ட்" என்று இவர் எழுதிக்கூட விட்டார். அதற்கும் பிறகு, கூட்டின நேரத்திலும் கடைசியில், இர்ஃபான் யத்வாட் என்கிற பையன் ஒரு கோல் அடித்தான். மூன்றுக்கு இரண்டு. இவர் ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினார். தாளில் அந்த இடம் கிழிந்தே போயிருந்தது.

ஏப்ரல் 4, ஜாம்ஷெட்பூர். பையன்கள் எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, நடந்தே பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போய்விட்டு, கடைசி ரயிலில் திரும்பினார்கள். இரண்டுக்கு ஒன்று, ஜெயம். புள்ளி 24.

இதற்கு நடுவில் என் சமாசாரம் ஒன்று. பங்குனி உத்திரத்துக்கு மலை ஏறினபோது பாதியிலேயே இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து படியும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலையில் எழுந்திருக்கும்போது பின்மண்டையில் ஒரு பாரமும் இருந்தது. திருத்தணி வெயில் என்ன சாமானியமா? செய்தியில் நூறு டிகிரியைத் தாண்டின ஊர்கள் என்று வாசித்தால் எங்கள் ஊர்ப் பெயர் தப்பாமல் வருமே! மாடியில் வடாம் காயப் போட்ட உஷ்ணம் என்று வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9 யுகாதி. அடுத்த வீட்டு வதினா காலையிலேயே யுகாதிப் பச்சடி கொண்டுவந்தாள். வேப்பம்பூ, வெல்லம், புளி, மாங்காய், உப்பு, மிளகாய் ஆறும் போட்டது. அவள் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை விரித்து ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் எத்தனை, விரயம் எத்தனை என்று வாசித்துக்கொண்டிருந்தார். இவர் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "சென்னையின் எஃப்.சி. என்ன ராசிங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம்! ஹைதராபாத் பேரன் மட்டும் பெருந்தன்மையாக, "இன்னிக்கு எங்க வருஷப் பிறப்பு தாத்தா. போனாப் போவுது, நீங்க ஜெயிச்சுக்குங்க" என்றான். அவனும் மற்றவர்களோடு ரயிலேறிப் போனான்.

ஏழரை மணிக்கு ஆட்டம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். டிவியை நான் போடவில்லை. நார்த் ஈஸ்ட் முதல் கோல் போட்டுவிட்டது என்று பேரன் போனில் ஒரு வரி அனுப்பினான். இவர் திண்ணையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வெகு நேரம் கழித்து ஆகாஷ் சங்வான் சமன் செய்துவிட்டார் என்று இன்னொரு வரி. "சமன்னா இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு பத்தாது" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். நான் ரசத்தைத் தாளித்துவிட்டு அடுப்பை அணைக்காமலே நின்றேன்.

ஒன்பதரை இருக்கும். போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. ஒரே இரைச்சல். ஆயிரக்கணக்கான தொண்டை சேர்ந்து கத்துகிற சத்தம், கடல் மாதிரி. இவர் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். சென்னையில் இத்தனை சத்தம் எதிரி அடித்த கோலுக்கு வருமா? கூட்டின நேரத்தில் அங்கித் முகர்ஜி அடித்த கோல் என்று பிறகு தெரிந்தது. இரண்டுக்கு ஒன்று. இருபத்தேழு. எனக்குக் கை நடுங்கியது. கரண்டியை அத்தனை நேரம் இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன், விரலெல்லாம் வெளுத்திருந்தது.

இதற்கு மேல்தான் வேடிக்கை. இருபத்தேழு போதுமா? நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்த பையன்கள் தூங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நார்த் ஈஸ்டுக்கு இனி ஒரே ஆட்டம், ஜெயித்தாலும் 26. பெங்களூருவுக்கு 25-க்கு மேல் வராது. பஞ்சாபுக்கு 24. எல்லோரையும் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார் இவர். மிஞ்சினது ஒரே அணி, ஈஸ்ட் பெங்கால். 24 புள்ளி. பாக்கி ஓர் ஆட்டம். ஜெயித்தால் 27.

"ரெண்டு பேரும் இருபத்தேழுன்னா, கோல் வித்தியாசம் பார்ப்பாங்களா?" என்று நான் கேட்டேன். கேட்டது நானேதான்!

"முதல்லே அது பார்க்க மாட்டாங்க ஆயா" என்றான் பேரன். "ரெண்டு டீமும் மோதின ஆட்டத்திலே யாரு கை மேலேன்னு பார்ப்பாங்க."

மோதினது இரண்டு ஆட்டம். 2023 நவம்பரில் சென்னையில் ஒன்றுக்கு ஒன்று, சமன். 2024 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஒன்று, நாம் பூஜ்யம். அந்த ஒற்றைக் கோலை அடித்தது யார் தெரியுமோ? நந்தகுமார் சேகர். சாட்சாத் நம் சென்னைப் பையன், அப்போது அங்கே போய் ஆடிக்கொண்டிருந்தவர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவள் உழைக்கிற மாதிரிதானே, குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் பிப்ரவரியில் விழுந்த அந்த ஒரு கோல் ஏப்ரலில் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள்தான் மேலே. அப்புறம் நாம் கோவாவுக்குப் போய் ஒரு புள்ளியாவது பிடுங்கிக்கொண்டு வர வேண்டும்.

மாதக் கடைசியில் நாம் போடுகிற கணக்கும் இந்த ஜாதிதான் என்று எனக்குத் தோன்றியது. நம் கையில் இருப்பது ஒரு பக்கம். சீட்டுக்காரி இந்த மாதம் நமக்கு விழவிடுவாளா, மூத்தவன் பணம் அனுப்புவானா, இப்படி அடுத்தவர் கையில் இருப்பது ஒரு பக்கம். ஒரு வித்தியாசம், நாம் அதைத் தாளில் போட்டுப் பத்துப் பேரோடு பேசுவதில்லை. மனசுக்குள்ளேயே போட்டு மனசுக்குள்ளேயே அழித்துக்கொள்கிறோம்.

மறுநாள், ஏப்ரல் 10. டெல்லியில் பஞ்சாபும் ஈஸ்ட் பெங்காலும். சாயங்காலமே இவர் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கே வந்தீங்க?"

"ஏம்மா, நீ போட்ட சட்டம் என்ன? என் டீம் ஆடினாப் பார்க்கக் கூடாது. இது என் டீமா? பஞ்சாப் யாரோ, ஈஸ்ட் பெங்கால் யாரோ!"

கேட்டீர்களா நியாயத்தை! பையன்கள் கைதட்டினார்கள். கணக்குப்பிள்ளையிடம் சட்டம் பேசி ஜெயிக்க முடியுமா? சாப்பாடு முடித்து, மாத்திரை போட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பது என்று ஒப்பந்தம். பக்கத்திலேயே நான் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சைத் தடவுகிறாரா, வேர்க்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தேன்.

பஞ்சாபுக்கு அந்த ஆட்டத்தால் காலணா பிரயோஜனம் கிடையாது. ஜெயித்தாலும் அவர்களுக்கு வழியில்லை என்று முந்தின நாளே முடிவாகிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் எனக்கென்ன என்று ஆடுவார்களோ என்றுதான் எல்லாருக்கும் பயம். அவர்களோ நாலு கோல் போட்டார்கள். நாலுக்கு ஒன்று! நம்மவர்கள் பந்தைத் தொடாமலே நாம் உள்ளே போய்விட்டோம். நாலு வருஷத்துக்குப் பிறகு பிளே-ஆஃப். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா, நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு" என்று தட்டிக் காட்டினார்.

எனக்குத்தான் தலையை யாரோ துணி கட்டி முறுக்குகிற மாதிரி இருந்தது. சத்தம் என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டேன்.

ரம்ஜான் லீவு கழிந்து 12-ம் தேதி இவருக்கு வழக்கமான பரிசோதனை. இவருக்கு 128-க்கு 80. நான் பெருமையாக, "ஆட்டம்கூடப் பார்த்தாருங்க டாக்டர்" என்று புராணத்தை ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே, "நீங்களும் உட்காருங்க, பார்த்துடலாம்" என்று பட்டையை என் கையில் சுற்றினார்கள். 164-க்கு 98. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். 160-க்கு 96.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். சின்னவன் பிரசவத்துக்கு அப்புறம் எனக்கென்று கையை நீட்டினதாக நினைவில்லை. சின்னவனுக்கு இப்போது நாற்பது. மாதா மாதம் இதே அறையில், இதே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்!

"மியூனிக் கணக்கு சொன்னேனே, அதிலே பெண்களும் இருந்தாங்கம்மா. அவங்களுக்கு 1.82 மடங்கு" என்றார்கள் டாக்டர்.

நான் காதில் வாங்காத நம்பர் அதுதான்.

உடனே மாத்திரை கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சிலருக்குப் படபடப்பிலேயே கூடிக் காட்டுமாம். அதனால் ஒரு வாரம் வீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. அதற்கு முன் அரை மணி நேரம் காபி கூடாது. பாத்ரூம் போய்விட்டு வந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, காலைப் பின்னாமல் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். கை மார்பு மட்டத்துக்கு மேஜை மேல். பேசக் கூடாது. (இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.) ஆஸ்பத்திரியில் 140-க்கு 90 எல்லைக்கோடு என்றால், வீட்டில் பார்க்கும்போது 135-க்கு 85-தான் எல்லை.

இவர் விடுவாரா? திரும்பி வந்ததும் காலண்டரில் அடுத்த தாளைக் கிழித்தார். கட்டம் போட்டார். மேலே 'சொந்த மைதானம்', 'வெளி மைதானம்' என்று தலைப்பு. வீடு சொந்த மைதானம்; ஆஸ்பத்திரி வெளி மைதானம். "முதல் நாள் நம்பரைக் கூட்டிலே சேர்க்க வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்று நான் ஞாபகப்படுத்தினேன். "முதல் ஆட்டத்தைக் கணக்கிலே சேர்க்காத லீக் உலகத்திலே எங்கே இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டத்தை மட்டும் குறுக்கே கோடிட்டார்.

பையன்களுக்கு விஷயம் தெரிந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் திண்ணையில் வந்து, "பெரிம்மா, இன்னிக்கு ஸ்கோர்?" என்று கேட்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஏப்ரல் 14 தமிழ் வருஷப் பிறப்பு. அன்றைக்கு கோவாவில் லீக்கின் கடைசி ஆட்டம்; நாலுக்கு ஒன்று என்று நாம் தோற்றோம். தோல்வியால் இடம் மாறப் போவதில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் மாங்காய்ப் பச்சடியில் உப்பைக் குறைத்ததற்குத் திட்டு வாங்கினேன். 19-ம் தேதி ஓட்டுப் போட வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்த சாயங்காலம்தான் நம்பர் அதிகம்: 152-க்கு 95. ஆறு நாள் சராசரியை இவர் தசம புள்ளி வரைக்கும் வகுத்து, கடைசியில் 146-க்கு 92 என்று அடியில் சிவப்பு மையில் எழுதினார்.

20-ம் தேதி காலையில் அந்தத் தாளை அப்படியே டாக்டரிடம் கொடுத்தோம். தலைப்பைப் படித்துவிட்டு அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தினம் காலையில் ஒரு மாத்திரை. ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொன்னார்கள். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், ஐந்து கிராமுக்குள். அதில் ஊறுகாய், அப்பளம், வடாம் எல்லாம் சேர்த்தி. வடாம் என்றதும் இவர் என்னைப் பார்த்தார். மாடியில் அப்போது மூன்று கிலோ மாவு வடாமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி அதே கோவாவில் நாக்-அவுட் ஆட்டம். மூன்றாவது இடத்துக்காரரும் ஆறாவது இடத்துக்காரரும் மோதுவார்கள். தோற்றால் அதோடு சரி. இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். சட்டத்தை ரத்து செய்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாத்திரை இரண்டு பேருக்கும் உள்ளே போயிருந்தது. முதல் பாதியிலேயே கோவா இரண்டு கோல். பிறகு நம்மவர் சிர்கோவிச் ஒன்று திருப்பினார். இன்னொன்று வரும், வரும் என்று பார்த்தோம். வரவில்லை. இரண்டுக்கு ஒன்று.

பையன்கள் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இவர் கொஞ்ச நேரம் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தாளை எடுத்து, வெளி மைதானம் என்ற கட்டத்தில் இரண்டு வாரம் கழித்து டாக்டர் வரச் சொன்ன தேதியை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார்.

மறுவாரம் இன்னொரு படி மாவு கரைத்தேன், உப்பைப் பாதியாக்கி. முதல் வடாம் பொரித்து எடுத்ததும் வழக்கம்போல ஹைதராபாத்காரன்தான் முதலில் வந்து நின்றான். கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"பெரிம்மா, உப்பு போட மறந்துட்டீங்க."